மலையில் இல்லாத மரங்கள்

பெரம்பூர், சென்னை
3 பிப்ரவரி 2025

அக்கா,

போனில் பேசினால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் உன் நம்பரை பிளாக் செய்துவிட்டு எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாரைக் கேட்டு என் சுவரில் கை வைத்தாய்?

நான்கு மாதம் அக்கா. புரட்டாசியில் சாரம் கட்டினேன், தையில் முடித்தேன். உன் பள்ளிக்கூடத்தின் நாற்பதடிச் சுவர். மழை பெய்தால் தார்ப்பாய், வெயில் அடித்தால் தலையில் ஈரத்துண்டு. அந்தச் சுவரில் நான் மலையை வரைந்தேன். சித்திரை மாதத்து மலை, காலை பதினோரு மணி வெயில். பாறை, காய்ந்த புல், போன கோடையில் எரிந்த இடத்தின் கருப்புத் தழும்பு. தீபம் கிடையாது, பௌர்ணமி கிடையாது, மேகத்துக்குள் சாமி முகம் கிடையாது. நம் திருவண்ணாமலையில் எங்கே திரும்பினாலும் மலைப் படம்தான். ஓட்டல் சுவரில், ஆட்டோவின் முதுகில், ஜவுளிக்கடைப் பையில். எல்லாமே பச்சைப் பசேல். ஒரு சுவரிலாவது மலை மலையாக இருக்கட்டும் என்றுதான் இதை ஒப்புக்கொண்டேன். அதற்காகத்தான் செங்கம் ரோட்டு மொட்டை மாடி அறையில் பதினோரு வருஷம் உட்கார்ந்து அந்தத் தெற்குச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் ஒரு கண்காட்சி வேலையாகச் சென்னைக்கு வந்தேன். குடியரசு தினத்துக்கு முதல் நாள் திரும்பினால், சரிவு முழுக்க மரம்! மூன்றாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் வரைகிற மாதிரிப் பச்சை. நீ முழங்கை வரை பெயின்ட்டோடு சாரத்திலிருந்து இறங்கி வந்து, "எப்டிடா இருக்கு?" என்று கேட்கிறாய்.

உன் மாணவிகள் முன்னால் கத்தினேன். அதற்கு வருந்தவில்லை.

யார் சொன்னது? உங்கள் ஹெச்.எம்.மா? பெரிய மனிதர் யாராவது வந்து, "இன்னாம்மா இது, மலை மொட்டையா கீது, மங்களகரமா இல்லியே" என்றாரா? நீ உடனே "சரிங்க சார்" என்றிருப்பாய். நீ வாழ்க்கை முழுக்கச் சொன்னது அந்த ஒரு சொல்தானே.

சுவரை வெள்ளையடித்துவிடு. முடியாது என்றால், கீழே இருக்கும் என் பெயரையாவது சுரண்டிவிடு.

கலையரசன்


வேங்கிக்கால்
11 பிப்ரவரி 2025

கலை,

'அன்புள்ள' என்று தொடங்க மறந்துவிட்டாய். நானும் மறந்துவிட்டேன்.

யாரும் சொல்லவில்லை. ஹெச்.எம். சொல்லவில்லை, அதிகாரி சொல்லவில்லை. நானே செய்தேன். இருபத்திரண்டு வருஷமாக டிராயிங் டீச்சராக இருக்கிறேன். யாராவது ஏவினால்தான் பிரஷ்ஷைத் தொடுவேன் என்று நினைத்தாய் பார், அதுதான் எனக்கு வலிக்கிறது.

கவியாவைத் தெரியும் உனக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடையில் வேலை செய்கிறாளே, என் பழைய மாணவி. 2013இல் மலையில் நாங்கள் கன்று வைக்க ஆரம்பித்தபோது அவள் ஆறாவது படித்தாள். முதல் இலுப்பைக் கன்றை வைத்தது அவள்தான். பன்னிரண்டு வருஷமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. நீ சென்னைக்குப் போன வியாழக்கிழமை சாயங்காலம், கடை முடிந்து உன் படத்தைப் பார்க்க ஆசையாக வந்தாள். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"டீச்சர், நம்ம எடம் எங்க?"

காட்டினேன். ரெட்டைப் பாறைக்கு மேலே.

"இங்க ஒண்ணுமே இல்லியே டீச்சர்."

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"சாரு கீழருந்தே பாத்துட்டாரு போல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன் கலை. அவள் சிரித்தாள். மறுநாள் காலை நான் சாரத்தில் ஏறினேன்.

நீ உள்ளதை வரைந்ததாகச் சொல்கிறாய். இல்லை. அந்தச் சரிவில் மரம் இருக்கிறது. வேம்பு, புங்கன், உசிலை, இலுப்பை. இருநூற்றுப் பன்னிரண்டு உயிர். சிலது முழங்கால் உயரம், சிலது இடுப்பு உயரம், கவியாவின் இலுப்பை இரண்டு ஆள் உயரம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கோடை கேனில் தண்ணீர் சுமந்திருக்கிறோம். உன் மாடியிலிருந்து அந்த இடம் ஒன்றரைக் கிலோமீட்டர். பதினோரு வருஷத்தில் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, ஏறி வந்தாயா? "வரியாடா"னு கேட்டால் "அடுத்த வாரம்க்கா" என்பாய். வெளிச்சம் போய்விடுமாம்.

நான் வரைந்த மரங்கள் இப்போது இருப்பதைவிடப் பெரியவை. அதை மறைக்கவில்லை. இன்னும் முப்பது வருஷத்தில் எப்படி நிற்குமோ அப்படி வரைந்தேன். பொய் என்றால் பொய்தான். ஆனால் அந்தப் பொய் எங்கள் கண்ணில் தெரிவதால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பாறையில் ஏறுகிறோம். இன்றைக்கு உள்ளதை மட்டும் பார்த்திருந்தால் 2013லேயே வீட்டுக்குப் போயிருப்போம்.

உன் பெயரைச் சுரண்ட மாட்டேன். அந்தப் பாறைகளை உன்னைத் தவிர யாராலும் அப்படி வரைய முடியாது. கோபமாக இருக்கும்போதும் அதைச் சொல்கிறேன். நீ எதையாவது அப்படிச் சொல்வாயா?

சந்திரகலா


பெரம்பூர்
17 பிப்ரவரி 2025

அக்கா,

ஆக, பொய் என்று நீயே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாய். நன்றி.

கால் முறிந்தவனுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு சேர்ந்துவிட்ட மாதிரி அதில் வரைந்து கொடுத்தால் அவன் நடந்துவிடுவானா? நீ செய்தது அதுதான். அந்தச் சுவரைப் பார்க்கிறவன், 'அட, மலை நல்லாத்தானே கீது' என்று போய்விடுவான். என் மலையைப் பார்த்திருந்தால் அவனுக்கு வயிற்றில் ஏதாவது செய்திருக்கும்.

முழங்கால் உயரக் கன்று ஒன்றரைக் கிலோமீட்டரிலிருந்து தெரியாது. தெரியாததை நான் வரைய மாட்டேன். தெரிவதை வரைவதே எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியுமா? காலையில் வெயில் அந்த ரெட்டைப் பாறையின் தோளில் வந்து விழுகிற நேரம் நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்காகப் பதினோரு வருஷம். முந்நூறு படமாவது இருக்கும். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு படம் முடியும்போதும் மலை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். இந்தச் சுவரில்தான் முதல் தடவையாகப் பக்கத்தில் போனேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற மாதிரி. சாரத்தில் நின்று தனியாக அழுதேன், உனக்குச் சொல்லவில்லை. அதன் மேல்தான் நீ புங்கமரம் நட்டாய்.

நீ மட்டும்தான் எதையோ நோக்கி ஏறுகிறாயா? நான் மாடியில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினேனா?

எழுதாமல் விடலாம் என்று இரண்டு நாளாகப் பார்த்தேன். எழுதிவிடுகிறேன். உனக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தது, நீ போகவில்லை. எனக்குக் கிடைத்தது, நான் போனேன். அன்றையிலிருந்து என் படத்தில் கை வைக்க உனக்கு அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இருபது வருஷம் பொறுத்திருந்து, நான் ஊரில் இல்லாத மூன்று நாளில் வைத்துவிட்டாய்.

கலையரசன்


வேங்கிக்கால்
24 பிப்ரவரி 2025

கலையரசனுக்கு,

அம்மா வாய் கோணி விழுந்த அன்று உனக்குப் பன்னிரண்டு வயது. கீழ்பென்னாத்தூர் வீட்டில் கல்லூரிக் கடிதம் அலமாரியில் இருந்தது. அப்பா என்னிடம் போகாதே என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அம்மாவை எட்டு வருஷம் புரட்டிப் போட்டேன். அந்த எட்டு வருஷத்தில் ராத்திரியும் பகலும் உனக்கு வரையக் கற்றுக்கொடுத்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. இவ்வளவு நாள் சொன்னதில்லை.

நீ எழுதியதை இவரும் படித்துவிட்டார். மடித்து வைத்துவிட்டு, "சாப்பிடு சந்திரா" என்றார்.

இனி எழுதாதே.

சந்திரகலா


பெரம்பூர்
12 மார்ச் 2025

அக்கா,

அந்தக் கடைசிப் பத்தியை நான் எழுதியிருக்கக் கூடாது.

மரங்களைப் பற்றி எழுதியதில் ஒரு வார்த்தையையும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கலை


வேங்கிக்கால்
7 ஏப்ரல் 2025

கலை,

கையெழுத்து மாமாவுடையது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் வலது கை கட்டுக்குள் இருக்கிறது.

போன வியாழக்கிழமை, மூன்றாம் தேதி, மலை எரிந்தது. மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கீழே புல்லில் யாரோ வைத்த நெருப்பு. வேண்டுமென்று வைத்தானா, பீடியைப் போட்டானா, தெரியாது. தெரிந்தால் அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன். வனத்துறை வாட்சர் தசரதன் போன் செய்தார். "டீச்சர், உங்க பக்கம்தான் வருது, காத்து ஜாஸ்தியா கீது" என்றார். பாதி வகுப்பில் விட்டுவிட்டு ஓடினேன். நாங்கள் பத்தொன்பது பேர். பச்சைக் கிளையை ஒடித்து அடித்தோம், ஈரச் சாக்கால் அடித்தோம். மஞ்சம்புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் குதித்தது. கோடைக்கு முன்னால் நாங்கள் புல்லறுத்து விட்டிருந்த வெற்றுப் பாதையை நெருப்பு தாண்டாது என்று நம்பியிருந்தேன். காற்று அதைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுவிட்டது.

கவியாவின் இலுப்பை பற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். சாக்கைச் சுற்றித் தண்டைப் பிடித்துக்கொண்டேன். நெருப்பை அணைக்கிறேனா மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தசரதன்தான் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "உடுங்க டீச்சர், கை போய்டும்" என்று கத்தியது காதில் விழுந்தது. விடவில்லை. சாக்கு காய்ந்து பற்றிக்கொண்டது.

இரண்டு விரல் நிமிராது என்கிறார் டாக்டர்.

அடுத்ததை எழுத மாமா மறுக்கிறார். "இது வேணாமே சந்திரா" என்கிறார். வேண்டும். எழுதுங்க.

உன் படம் ஜெயித்துவிட்டது கலை. மலை இப்போது நீ வரைந்த மாதிரியே இருக்கிறது. பாறை, சாம்பல், கருப்பு. பச்சை கிடையாது. வந்து மாடியில் உட்கார்ந்து பார். பதினோரு மணி வெயிலில் நன்றாகத் தெரியும். இனி யாரும் உன்னைப் பொய்யன் என்று சொல்ல மாட்டார்கள். நான்தான் பொய்க்காரி. ஊரறிய, நாற்பதடிச் சுவரில்.

கட்டுப்போட்ட கையோடு மறுநாளே சுவருக்குப் போனேன். நானே சுரண்டிவிடலாம் என்று இடது கையில் தகடு எடுத்துப் போனேன். பிள்ளைகள் சுவரை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

உனக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தோன்றாமல் இருக்கவும் மாட்டேன் என்கிறது.

சந்திரகலா

(மச்சான், நான் இருசப்பன். இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. சாப்பிடவில்லை. வா.)


செங்கம் ரோடு, திருவண்ணாமலை
13 ஏப்ரல் 2025

அக்கா,

மூன்று தடவை உன் வாசலுக்கு வந்தேன். மூன்று தடவையும் மாமா வெளியே வந்து, "இப்ப வேணாம் மச்சான், உன் பேரைக் கேட்டாலே எழுந்து உள்ள போய்டறா" என்றார். சரி. இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுக்கிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? அதை மன்னிக்க மாட்டேன். அதைவிடக் கேவலமானதை நான் உனக்கு எழுதியிருக்கிறேன், தெரியும். இருந்தாலும் மன்னிக்க மாட்டேன்.

நேற்றுக் காலை தசரதனோடு மேலே போனேன். நான் கேட்டதும் அவர் என் செருப்பைத்தான் பார்த்தார். "இதப் போட்டுகினு ஏற முடியாது சார்" என்று தன் பழைய ஷூவைக் கொடுத்தார். ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற எனக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. வெறும் கையோடு. நீங்கள் தண்ணீரோடு எவ்வளவு நேரத்தில் ஏறுவீர்கள் என்று கேட்டேன். "டீச்சர் அம்மா முப்பத்தஞ்சு நிமிஷம் சார்" என்றார். உனக்கு நாற்பத்தாறு வயது அக்கா.

மேலே எல்லாம் கரி. கரிக்குள் கரியாகக் குச்சிகள். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டு, இது வேம்பு, இது உசிலை என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார். மேற்கு ஓரத்தில் எரியாத பகுதி இருக்கிறது. அங்கே போய் நின்றேன். இடுப்புக்கு மேலே இலை. உள்ளே நின்றால் குளிர்ச்சியாக இருந்தது. அந்த மரங்களுக்கு நடுவில் நின்று கீழே பார்த்தேன். என் மொட்டை மாடி தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு, என் நாற்காலி, எல்லாம்.

அங்கிருந்து என் நாற்காலி தெரிகிறது என்றால், நாற்காலியிலிருந்து இந்த மரங்கள் ஏன் தெரியவில்லை?

கீழே வந்து, அறையைத் திறந்து, பழைய வாட்டர்கலர் எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். வருஷ வரிசையில் அடுக்கினேன். 2014இல் ரெட்டைப் பாறைக்கு மேலே ஒரு சின்ன நீலச் சாம்பல் கறை. 2017இல் உள்ளங்கை அகலம். 2020இல் அது பாறையைச் சுற்றிக்கொண்டு மேற்கே போகிறது. 2023இல் சரிவில் கால்வாசி. அக்கா, அது உன் மரங்கள். நான் பதினோரு வருஷமாக அவற்றை வரைந்துகொண்டேதான் இருந்திருக்கிறேன். நிழல் என்று நினைத்துக்கொண்டு.

இன்னும் இருக்கிறது. சுவரில் வரையும்போது அந்த இடம் மட்டும் உறுத்தியது. பதினோரு மணி வெயிலில் அங்கே நிழல் விழ நியாயமே இல்லை, என் கண் தப்பு செய்கிறது என்று முடிவு செய்தேன். திருத்தினேன். அந்த நீலச் சாம்பலை எடுத்துவிட்டுக் காய்ந்த புல்லின் நிறத்தைப் பூசினேன். உன்னிடம் எக்ஸ்ரே என்று பேசினேனே, எக்ஸ்ரேயைத் திருத்தியவன் நான்.

ஏன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை? கூப்பிட்டாய், கூப்பிட்டாய் என்று எழுதாதே. கூப்பிட்டால் வருகிறவனா நான்? உனக்குத் தெரியாதா? அறைந்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இப்போது அங்கே போய் நான் எதைப் பார்ப்பது?

கலை


வேங்கிக்கால்
16 ஏப்ரல் 2025

கலை,

மாமாதான் எழுதுகிறார்.

நிழலா? பன்னிரண்டு வருஷம் உனக்கு நிழலா? கடிதத்தைத் தூக்கி எறிந்தேன். பிறகு எடுத்துவரச் சொன்னேன். அந்தப் படங்களை எல்லாம் மாமாவிடம் கொடுத்தனுப்பு என்று நேற்று ஆள்விட்டதற்குக் காரணம், நீ சொல்வதை நம்பாததுதான்.

கட்டிலில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மாமா ஒவ்வொன்றின் மேலும் வருஷத்தைப் படித்தார்.

இருக்கிறது. வளர்கிறது.

நான் இதைப் பார்த்ததே இல்லை கலை. நான் எப்போதும் உள்ளேதான் இருந்தேன். எந்தக் கன்று பட்டது, எதை ஆடு கடித்தது, எதற்கு இன்னும் ஒரு கேன் வேண்டும், அதுதான் என் கண்ணில் இருந்தது. வளர்கிறதா என்று ஒவ்வொரு ஞாயிறும் சந்தேகம். வீட்டுக்கு வந்து கால் வலியோடு படுக்கும்போது, பைத்தியக்காரத்தனம் செய்கிறோமோ என்று நினைத்த நாள் எத்தனையோ. கீழே உட்கார்ந்திருந்த உனக்கு அது தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, "அக்கா, அங்க என்னமோ கருப்பாகுதே, இன்னா அது"னு. ஒரு வார்த்தை. அதைக் கேட்டிருந்தால் நான் இன்னும் நூறு வருஷம் தண்ணீர் சுமந்திருப்பேன்.

எரிந்த பிறகு காட்டுகிறாய். உன்னை என்ன செய்தால் தகும்?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுவருக்கு வா. கவியாவும் வருகிறாள். எது போனது, எது இருக்கிறது என்று அவளிடம் கணக்கு இருக்கிறது. போனதைச் சுவரிலும் போனதாகக் காட்டு. நீ கேட்டது அதுதானே. மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பித்தால் அப்படியே திரும்பிவிடுவேன்.

சந்திரகலா


செங்கம் ரோடு
21 ஏப்ரல் 2025

அக்கா,

நேற்றுப் பாதிச் சண்டையில் ஆட்டோ ஏறிப் போய்விட்டாய். மீதியை இங்கே போடுகிறேன்.

கவியா கீழே நின்று பெயர் சொன்னாள், நான் சாரத்தில் நின்று கருப்படித்தேன். "புங்கன், மூணாவது வரிசை. போச்சு சார்." அடித்தேன். "உசிலை, அதுக்குப் பக்கத்துல. போச்சு." அடித்தேன். நீ நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நீ வரைந்த மரங்களை நேற்றுத்தான் முதல் தடவை கிட்டத்தில் பார்த்தேன். ஒன்று மாதிரி ஒன்று இல்லை. வேம்பின் கிளை வேம்பு மாதிரி, புங்கனின் குடை புங்கன் மாதிரி. எந்தக் கன்று எங்கே நிற்கிறதோ அங்கேயே அதை வைத்திருக்கிறாய். நான் அதைக் குழந்தைக் கிறுக்கல் என்று எழுதினேன். நூற்று முப்பத்தொரு மரத்தை என் கையால் கருப்பாக்கினேன் அக்கா. எண்பதாவதுக்குப் பிறகு பிரஷ்ஷை இறக்கிக்கொண்டு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ பார்த்தாய். பார்த்தும் நிறுத்து என்று சொல்லவில்லை.

"இலுப்பை" என்று கவியா சொன்னாள். 'போச்சு' என்று சொல்லவில்லை. நான் அடித்துவிட்டேன். அப்போதுதான் நீ எழுந்தாய். "எறங்குடா" என்று கத்திய கத்தலில் எதிர்க் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார்.

நான் சொன்னதில் என்ன தப்பு? கருப்பு காயட்டும், பிறகு பச்சை வைக்கலாம் என்றுதானே சொன்னேன்? ஈரத்தில் வைத்தால் சேறாகிவிடும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், டிராயிங் டீச்சருக்குத் தெரியாதா? "காயற வரைக்கும் எனக்குப் பொறுமை இல்ல. பன்னெண்டு வருஷம் பொறுத்தாச்சு" என்று பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாய். இடது கையால், ஈரக் கருப்பின் மேலேயே, திரும்பவும் இலுப்பை. மேலே ஏற ஏறக் கை இழுத்துக்கொண்டு போனது. கிளை எல்லாம் ஒரே பக்கம். வழிந்தது. பாதியில் உனக்கே தெரிந்து, பிரஷ்ஷை என் மேல் வீசிவிட்டுப் போனாய். சட்டையில் பட்ட கறை போகவில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன்.

நீ போன பிறகு ஹெச்.எம். வந்தார். "அந்த ஒரு மரத்தை மட்டும் நீங்க கொஞ்சம் சரி பண்ணிடுங்க சார், நல்லா இல்ல" என்றார். அது நன்றாக இல்லைதான். நான் பார்த்ததிலேயே மோசமான மரம் அது. தண்டு வளைந்து, நிறம் செத்து, கருப்பும் பச்சையும் இல்லாமல். பத்து நிமிஷ வேலை எனக்கு.

பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன். தொடவில்லை. "டீச்சர் வந்து சரி பண்ணுவாங்க. அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

உன் விரல் விஷயமாக வேலூரில் ஒரு டாக்டரைக் கேட்டிருக்கிறேன். பயிற்சி கொடுத்தால் ஒன்றாவது நிமிரும் என்கிறார். வரமாட்டேன் என்று அடம் பிடிக்காதே. இந்த முறை சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவன் நான்.

கலை


வேங்கிக்கால்
25 ஏப்ரல் 2025

கலை,

மாமா எழுதவில்லை. நானே. இடது கை. எழுத்து கோணல். படி.

நேற்று அந்த வழியாகப் போனேன். ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. மரம் மோசம். ஒப்புக்கொள்கிறேன். உன் கை பட்டால் அழகாகிவிடும், அதுவும் தெரியும். தொட்டால் கொன்றுவிடுவேன்.

வேலூருக்கு வருகிறேன். விரலுக்காக. உனக்காக இல்லை. உன்மேல் கோபம் தீரவில்லை. நீ அன்று எழுதிய அந்தப் பத்தி அப்படியே இருக்கிறது உள்ளே. போகும்போது போகும்.

தசரதன் வந்திருந்தார். எரிந்ததில் எது வேரில் உயிரோடு இருக்கிறது என்று மழைக்குப் பிறகுதான் தெரியுமாம். எத்தனை பிழைத்தாலும் நூறு கன்றாவது புதிதாக வைக்க வேண்டும். ஐப்பசி முதல் ஞாயிறு. கல்லுத் தரை. குழி வெட்டக் கடப்பாரை பிடிக்க வேண்டும். என்னால் முடியாது.

நீ வருகிறாயா இல்லையா. அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுதாதே.

அக்கா